கோழிக் கொட்டிலின் நாற்றமும் சங்கத்தின் கடமையும்

வீட்டுப் புறக்கடையில் பத்துக் கோழிகள் வளர்ப்பது குடும்பத்திற்குக் கைகொடுக்கும் உபதொழில் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் அங்கத்தினர் இல்லங்களுக்கு நாம் செல்லுந்தோறும் கேட்பது ஒரே முறையீடுதான்: "பக்கத்து வீட்டார் நாற்றம் தாங்கவில்லை என்கிறார்கள்; கோழிகளை விற்றுவிடலாமா?" விற்க வேண்டுவதில்லை, கூளத்தை உலர்வாக வைத்திருந்தால் போதும் என்பதே நம் கருத்து.

நாற்றம் கோழியின் இயல்பன்று, ஈரத்தின் விளைவு. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை, ஈரம் மிகுந்தவிடத்து நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அவ்வாயு இன்னதென்று எண்ணூர் மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கொட்டிலில் எழுவது மிகச் சிறிதளவே. எனினும் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைக் கடந்தால் கோழியின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடாகும். நாள்தோறும் முகரும் நம் மூக்கோ அதற்குப் பழகிவிடும். ஆகவே அண்டை வீட்டார் சொல்லை வசையாகக் கொள்ளாது எச்சரிக்கையாகக் கொள்க.

தரையை மேடாக்கி, உமியோ நிலக்கடலைத் தோலோ நான்கு அங்குலம் பரப்புக. வாரம் இருமுறை கிளறிவிடுக. தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வைத்து, அதனடியில் நனைந்த கூளத்தை அன்றன்றே அகற்றுக. ஒரு பிடி கூளத்தை அழுத்திப் பார்க்க. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் நன்று. மழைச்சாரலைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுத்தலாகாது. நாற்றம் எழுந்தபின் சுண்ணாம்பு தூவுவோர் பலர். ஈரக்கூளத்தில் அது அம்மோனியாவை மேலும் கிளப்பிவிடும்.

இவை தனியொருவர் செய்யத்தக்கவை. ஆனால் ஒரு மூட்டை உமிக்காக ஒவ்வொருவரும் அலைவதேன்? செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் பல உள. ஐப்பசி மழைக்கு முன்னரே சங்கம் ஒரு வண்டி உமியை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிக்கலாம். பழைய கூளத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு உண்டு. அதனை மட்கவைத்து, பயிர்த்தொழில் புரியும் அங்கத்தினர்க்கு நியாய விலையில் அளிக்கலாம். அம்மோனியாவாகக் காற்றில் கரைவது அவர்கள் வயலுக்குரிய உரமே அன்றோ?

ஒருவர் வீட்டு நாற்றம் தெருவின் பகையாகிறது. அதே பொருள் ஒருவர் வயலில் விளைவாகிறது. இரண்டிற்கும் இடையே நின்று செயலாற்றுவதற்கே கூட்டுறவு உள்ளது. வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துரைப்பார்களாக.