காலி நிலம் எது?

சட்டப் புத்தகம் எதையாவது கையில் எடுத்தால் முதல் சில பக்கங்களை நம்மில் யாரும் படிப்பதில்லை. "இந்த விதிகளில் கட்டடம் என்றால் இன்னது, குடிசை என்றால் இன்னது, மனை என்றால் இன்னது, காலி நிலம் என்றால் இன்னது" என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கும். இது வெறும் அகராதி, விஷயம் பின்னால் வருகிறது என்று புரட்டிவிடுகிறோம். பணக்காரர்கள் அப்படிப் புரட்டுவதில்லை. அவர்களுடைய வக்கீல்கள் அந்த முதல் பக்கங்களைத்தான் வரிவரியாகப் படிக்கிறார்கள். எங்கே ஒரு சொல்லைச் சேர்த்தால் எத்தனை ஏக்கர் வரும், எங்கே அரை வாக்கியத்தை எடுத்தால் எத்தனை கோடி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கிராமத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே துண்டு பூமி. கணக்கில் "நத்தம்" என்று எழுதியிருந்தால் குடியிருக்கலாம், பட்டா கேட்கலாம். "மேய்ச்சல் புறம்போக்கு" என்று எழுதியிருந்தால் அதே இடத்தில் முப்பது வருஷம் குடியிருந்தவன் ஆக்கிரமிப்பாளன். மண் மாறவில்லை, மனிதன் மாறவில்லை, எழுத்து ஒன்றுதான் வேறு. நகரத்திலும் இதே கதைதான் நடக்கிறது. ஆனால் அங்கே எழுத்து மாறும்போது போவது ஐந்து சென்ட் அல்ல, ஏக்கர் கணக்கில் போகிறது. பம்பாயில், இன்று மும்பை என்று சொல்கிற அதே ஊரில், பஞ்சாலை நிலங்களுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்.

1854ல் அங்கே முதல் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கியது. பிறகு பரேல், லால்பாக், வொர்லி, பைக்குல்லா என்று ஊரின் நடுவிலேயே மில்கள் எழுந்தன. அந்தப் பகுதிக்குக் கிரண்காவ் என்று பெயர். மில் கிராமம் என்று அர்த்தம். ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் நிலமில்லாத விவசாயி வந்தான். பத்தடிக்குப் பத்தடி அறைகள் கொண்ட, நம் ஊர் லைன் வீடுகளைப் போன்ற சால்களில் ஷிப்டுக்கு ஷிப்டு மாறிப் படுத்தான். நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊரின் செல்வத்தை நூற்றுக் கொடுத்தவன் அவன்தான்.

1982 ஜனவரி 18ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நின்று பார்த்தார்கள். பெண்டு பிள்ளைகளின் தாலியும் பாத்திரமும் அடகுக்குப் போயின. ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பி மறுபடியும் கூலி விவசாயிகள் ஆனார்கள். 1983ல் 13 மில்களை மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவை பிறகு தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தன. மீதி மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நலிவு நலிவு என்று சொல்லி மூடப்பட்டன. மில் நலிந்தது உண்மைதான். ஆனால் மில் நின்ற நிலம் நலியவில்லை. பருத்தி விலை இறங்க இறங்க, நிலத்தின் விலை ஏறியது! நூலை விற்பதைவிட மண்ணை விற்றால் பத்துப் பங்கு லாபம் என்று தெரிந்த பிறகு எந்த முதலாளி மில்லை ஓட்டுவான்?

இங்கேதான் நில உபயோக விதி குறுக்கே நின்றது. தொழிலுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அதில் கடையோ மாளிகையோ கட்டக் கூடாது. அந்தப் பூட்டைத் திறக்க 1991ல் பம்பாய் அபிவிருத்தி விதிகளில் 58வது விதி வந்தது. மில் நிலத்தை வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நகரசபைக்கு; இன்னொரு பங்கு சாமானிய ஜனங்களுக்கு வீடு கட்ட வீட்டுவசதி வாரியத்துக்கு; மீதிதான் மில்காரருக்கு. இது தர்ம நியாயமான ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளி பாடுபட்டுப் பெருக்கிய சொத்தில் மில்காரருக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு என்றே கேட்கலாம். இருந்தாலும் ஊருக்கு இரண்டு பங்கு என்பது சின்ன விஷயம் அல்ல. பம்பாய் மில்களின் மொத்த நிலம் சுமார் 600 ஏக்கர்.

எந்த நிலத்தைப் பங்கு போடுவது? 1991 விதி தெளிவாகச் சொன்னது: காலி நிலத்தையும், இருக்கிற கட்டடங்களை இடித்தபின் கிடைக்கும் நிலத்தையும். இந்த இரண்டாவது பாதியில்தான் உயிர் இருக்கிறது. பஞ்சாலையில் வேலை செய்தவருக்கு இது உடனே புரியும். மில்லில் காலி இடம் என்று என்ன இருக்கிறது? தறி ஓடும் கூடம் பெரும்பாலும் ஒரே தளம். தறியின் ஆட்டத்தை மாடி தாங்காது. வடக்கு வெளிச்சம் விழும்படி ரம்பப்பல் கூரை போட்டு, ஏக்கர் கணக்கில் தரையோடு பரப்பியிருப்பார்கள். நூற்புப் பகுதி இரண்டு மூன்று மாடி. பஞ்சு கோடவுன், சாயப்பட்டறை, பாய்லர் கூடம், புகைபோக்கி. இவையெல்லாம் போக மிஞ்சுவது லாரி திரும்பும் முற்றமும் வாசல் வழியும்தான். ஆகவே கட்டடம் இடித்த நிலத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் ஊருக்குப் பங்கு என்று ஒன்று கிடைக்கும்.

மில்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? கட்டடத்தை இடிக்கவில்லை! இடித்தால்தானே பங்கு? பழைய கூடங்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ஆபீஸ், கடை என்று நடத்தப் பார்த்தார்கள். பத்து வருஷம் இப்படி இழுத்தடித்துவிட்டு, "பாருங்கள், 58வது விதி வேலை செய்யவில்லை, யாரும் நிலத்தைக் கொடுக்க முன்வரவில்லை" என்று அழுதார்கள். மகாராஷ்டிர சர்க்காரும் கூடவே அழுதது. கண்ணீரைத் துடைக்க 2001 மார்ச்சில் விதி திருத்தப்பட்டது.

திருத்தம் எத்தனை நீளம் என்று நினைக்கிறீர்கள்? பங்குப் பிரிவினையை யாரும் ரத்து செய்யவில்லை. மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்பது அப்படியே இருந்தது. மேடையில் நின்று, "ஊர்ப் பங்கை நாங்கள் தொடவில்லை" என்று மந்திரிகள் நெஞ்சைத் தட்டிச் சொல்லலாம். "கட்டடங்களை இடித்தபின் கிடைக்கும் நிலம்" என்ற சொற்கள் மட்டும் போயின. அந்த இடத்தில், இன்னும் கட்டாமல் பாக்கியிருக்கும் தளப்பரப்பு உரிமை என்று வேறு சொற்கள் வந்தன. ஆக, காலி நிலம் என்றால் இன்றைய தேதியில் மேலே எதுவும் இல்லாத நிலம். இடித்துக் காலியாக்கியது காலி நிலம் ஆகாது. அதில் மில்காரரே, பழைய கட்டடத்தின் தளப்பரப்பு எவ்வளவோ அவ்வளவும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 ஏக்கர் மில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கூடங்கள் நிற்பது 12 ஏக்கரில், முற்றம் 3 ஏக்கர். மாடிகளையும் சேர்த்து, அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பு முழுவதும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டினால், பழைய விதிப்படி நகரசபைக்கு 5 ஏக்கர், வீட்டுவசதி வாரியத்துக்கு 5 ஏக்கர், மில்காரருக்கு 5 ஏக்கர். புதிய விதிப்படி பங்குக்கு வருவது அந்த 3 ஏக்கர் முற்றம் மட்டும். அதில் நகரசபைக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர், வாரியத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. மில்காரர் கையில் 13 ஏக்கருக்கு மேல்! ஊருக்குச் சேர வேண்டிய 10 ஏக்கரில் 8 ஏக்கர் எங்கே போயிற்று? யாரும் வேலியை நகர்த்தவில்லை. அகராதியில் ஒரு வரியை நகர்த்தினார்கள்.

இதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2005 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட்டு, காலி நிலம் என்றால் இடித்தபின் காலியாகும் நிலமும் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. மில்காரர்கள் டில்லிக்கு ஓடினார்கள். 2006 மார்ச் 7ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, 2001 திருத்தம் செல்லும் என்றது. நலிந்த மில்லைத் தூக்கி நிறுத்தவும் தொழிலாளியின் பாக்கியைக் கொடுக்கவும் பணம் வேண்டும், அதற்கு மில்காரருக்கு ஊக்கம் வேண்டும் என்ற சர்க்காரின் வாதம் எடுபட்டது.

அந்த வாதத்தை நாமும் எடைபோட்டுப் பார்ப்போம். தொழிலாளியின் பாக்கி தீர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. பல குடும்பங்களுக்கு நிலம் விற்ற பிறகுதான் கிராஜுவிட்டிக் காசைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு எவ்வளவு பணம் தேவை, நிலம் எவ்வளவுக்குப் போயிற்று? 2005ல் தேசியப் பஞ்சாலைக் கழகம் விற்ற மும்பை டெக்ஸ்டைல் மில் ஒன்றே 702 கோடி ரூபாய்க்குப் போயிற்று. கோஹினூர் மூன்றாம் நம்பர் மில் 421 கோடி. இவை பொதுத்துறை மில்கள்! ஊருக்குப் பூங்காவும் ஏழைக்கு வீடும் கொடுத்த பின்னும் பாக்கியைத் தீர்க்க இந்தச் சந்தையில் பணம் போதாதா? சர்க்காரே நிலம் விற்கும் வியாபாரியாக நிற்கும்போது, அதே சர்க்கார் எழுதும் விதியில் யாருடைய லாபம் பார்க்கப்படும்? தூக்கி நிறுத்திய மில்கள்தான் எங்கே? பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று கடைவளாகம். நடுவே பழைய புகைபோக்கி மட்டும் அழகுக்காக நிற்கிறது.

இந்தக் கணக்கில் தொழிலாளிக்கு நேராகப் போனது வீடு. வீட்டுவசதி வாரியத்துக்கு வந்த பங்கில்தான் பழைய மில் தொழிலாளிகளுக்கு வீடு கட்ட வேண்டும். மூடிய மில் தொழிலாளர் போராட்டக் குழுவை 1989ல் தொடங்கிய தத்தா இஸ்வல்கர், மாடர்ன் மில் தொழிலாளி, 2021ல் கண்மூடும்வரை கேட்டது இதைத்தான். விண்ணப்பம் போட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2012ல் முதல் பெரிய குலுக்கல் நடந்தது. குலுக்கல், தோழர்களே! உழைத்தவன் வீடு கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். விண்ணப்பித்தவர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட வீடு கிடைக்கவில்லை. நிலம் இல்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்? 2024ல் சர்க்கார் காட்டிய இடம் கர்ஜத் ரயில் பாதையில் சேலு, வாங்கணி. ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டே. 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் திரண்ட கிழவர்களும் விதவைகளும், எங்கள் மில் நின்ற ஊரிலேயே வீடு கொடு என்றுதான் கேட்டார்கள்.

பம்பாய்க் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சென்னை பெரம்பூரில் பின்னி மில் 1996ல் மூடப்பட்டது. மில் இருந்த பூமியில் இப்போது அடுக்குமாடிகள். தமிழ்நாட்டில் தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்கு 7 மில்கள், பெரும்பாலானவை கோவைப் பக்கம். 2020 மார்ச் ஊரடங்கில் அவற்றின் இயந்திரங்கள் நின்றன; ஊரடங்கு முடிந்தும் ஓட்டவில்லை. சங்கு ஊதாத மில்லின் மதில்சுவரைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைப் பற்றித்தான் நினைவு வரும். வேறு சிலருக்கு ஏக்கர் நினைவு வரும். அந்த நிலம் தொழில் உபயோகமா, வணிக உபயோகமா, குடியிருப்பா என்பதை நகரத் திட்டப் படத்தில் ஒரு வர்ணம் முடிவு செய்யும். அந்த வர்ணம் மாறும் நாளில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

வயற்காட்டுக்கும் இது வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழகச் சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று 12 மணி நேர வேலை. எதிர்ப்பு கிளம்பியதும், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். மற்றொன்று நில ஒருங்கிணைப்பு மசோதா. அது நின்று சட்டமாகிவிட்டது. அதில் "சிறப்புத் திட்டம்" என்று ஒரு சொல். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் வரும் ஒரு தொழில் அல்லது வணிகத் திட்டத்தைச் சர்க்கார் அப்படி அழைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஏரி, ஓடை, வாய்க்கால் நிலங்களை மாற்றிக் கொள்ள வழி பிறக்கிறது. முதல் மசோதா நம் உடம்பைத் தொட்டது, உடனே தெரிந்தது. இரண்டாவது அகராதிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே சங்கங்கள் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நகரத் திட்டமோ கட்டட விதியோ திருத்தத்துக்கு வரும்போது ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்கிறார்கள். அறிவிப்பு கெஜட்டிலும் பத்திரிகையின் மூலையிலும் வரும். சங்க ஆபீசில் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் அதைத் தேடி எடுத்து, பழைய விதியையும் புதிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் போயிற்று, எந்தச் சொல் வந்தது என்று வாயிற் கூட்டத்தில் படித்துச் சொல்லட்டும். கிராமத்தில் மே 1ந் தேதி கிராம சபை கூடும்போது, நம் ஊர் ஏரியும் மேய்ச்சலும் நத்தமும் திட்டப் படத்தில் என்ன பெயரில் இருக்கின்றன என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதிலைத் தமிழில் கேளுங்கள்.