அந்த றோட்டை வெறுமையாக்கினது யார்?



போன மடலில் வந்த கோடைச் சைக்கிள் பயண அழைப்பை மூன்று தரம் வாசித்தேன். அல்தாவில் வெளிக்கிட்டு, சென்னாலாந்து மேட்டு நிலத்தைக் கடந்து (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், சென்னைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை), ஸ்காய்டியில் திரும்பி ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நல்ல யோசனை. உடம்புக்கும் நல்லது, கூட்டமைப்பின் காசுப்பெட்டிக்கும் நல்லது. ஆனால் "வாகனமில்லாத சாலைகள், ஆளில்லாத மலைகள், தொடப்படாத ஏரிகள்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் பிறந்தது ஹம்மர்பெஸ்டில். ஆறு வயதில் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். 2025 கோடையில் திரும்பப் போய், ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஃபொர்ஷொல் என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போகிற றோட்டில் மிதித்தேன். பத்துக் கிலோமீற்றர் அளவுதான். ஒரு பக்கம் மரமே இல்லாத மலை, மற்றப் பக்கம் சின்னச் சின்ன ஏரிகள், முடிகிற இடத்தில் கடல். இரவு பதினொரு மணிக்கு வெயில். அரை மணித்தியாலத்தில் இரண்டு கார்தான் கடந்தது. சங்கிலியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண் கலங்கிவிட்டது. அழகை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களை அப்பாட்டக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காத்து இருக்கே, அது முகத்திலதான் அடிக்கும். போகேக்கயும் அடிக்கும், வரேக்கயும் அடிக்கும்."

அப்பா மயிலிட்டி. கடல்காரக் குடும்பம். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். அந்தக் காலத்திலும் தொண்ணூறுகளிலும் வட நோர்வேயின் கரையோர மீன் பக்ரறிகளில் வெள்ளை அங்கியும் றப்பர் சப்பாத்துமாக நின்றவர்களில் எங்கட ஆக்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீடுகளில் கேட்டுப்பாருங்கள். அப்பா பக்ரறிக்குச் சைக்கிளில்தான் போனவர், ஆணி ரயர் பூட்டி, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரைக்கும் சூரியனே எழும்பாத இருட்டில். காருக்குக் காசில்லை. ஊருக்கு அனுப்பவேண்டும். அவருக்கும் அது வாகனமில்லாத சாலைதான். அவர் அதைப் படம் எடுக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிள் ஓடுவது சுற்றுச்சூழல் அரசியல் ஆவதும் வெறும் ஏழ்மை ஆவதும் ஓடுகிற ஆளைப் பொறுத்தது. எங்கட பெற்றோரின் சைக்கிளை ஒருவரும் பசுமை என்று சொல்லவில்லை.

சரி, அந்த வெறுமைக்கு வருவோம். அது இயற்கை இல்லை. 1944 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கியபோது ஃபின்மார்க்கையும் வட த்ரொம்சையும் எரித்துக்கொண்டு போனது. ஐம்பதாயிரம் பேர் அளவில் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். ஹம்மர்பெஸ்டில் சவக்காலைத் தேவாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. இதற்கென்றே ஊரில் ஒரு மீள்கட்டுமான அருங்காட்சியகம் இருக்கிறது. பயணத் திட்டத்தில் அதற்கு ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை நீங்கள். இடம்பெயர்வு என்ற சொல்லைப் பாலோடு குடித்து வளர்ந்த நாங்கள்!

அதற்கு முதலும் பிறகும் அந்த நிலம் சாமி மக்களின் நிலம். நீங்கள் ஆளில்லாதது என்று எழுதின மலை, கலைமான்களின் கோடை மேய்ச்சல் நிலம். ஹம்மர்பெஸ்ட் இருக்கிற தீவை நோர்வேஜியனில் க்வாலொய்யா என்பார்கள், சாமி மொழியில் ஃபாலா. மான்கள் குளிர்காலத்தை உள்நாட்டில் கழித்துவிட்டு வசந்தத்தில் கரைக்கு வரும், மே மாதமளவில் குட்டி போடும். ஊருக்குள் வந்து பூக்கன்றுகளைத் தின்கிறது என்று நகரத்தைச் சுற்றி வேலி அடித்தார்கள். யார் யாருடைய இடத்துக்குள் வந்தது என்பதை வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது தீர்மானிக்கும்.

சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அது மெதுவாகப் போகும். ஊர்ப்பெயர்ப் பலகையை வாசிக்க நேரம் கிடைக்கும். றெப்பர்ஃபியோர்டுக்கு ரியெப்பொவுஒத்னா என்று இன்னொரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரியும். வடக்கில் சாமிப் பெயர்ப் பலகைகளில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளும் இருக்கும். பெயர்ப் பலகையில் எந்த மொழி, எது மேலே, எது கீழே என்பதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த றெப்பர்ஃபியோர்ட் உங்கள் பாதையில்தான் வருகிறது. கரையில் நுசிர் செப்புச் சுரங்கம். 2019 இல் அரசு அனுமதி கொடுத்தது. ஆண்டுக்கு 2 மில்லியன் தொன் வரை சுரங்கக் கழிவை நேரே ஃபியோர்டின் அடியில் கொட்டலாம். 2021 கோடையில் சூழல் இளைஞர்களும் சாமிகளும் அங்கே கூடாரம் அடித்து இயந்திரங்களை மறித்தார்கள். செப்பு எதற்கு? பசுமை மாற்றத்துக்காம். மின்சாரக் காருக்கு, காற்றாலைக்கு, மடலில் "இயலாதவர்கள் மின்சைக்கிள் கொண்டு வரலாம்" என்று போட்டீர்களே, அதற்கும்தான்.

ஸ்காய்டியிலிருந்து ஹம்மர்பெஸ்ட் பக்கம் 420 கிலோவோல்ட் உயரழுத்த மின்கம்பி. மெல்கொய்யா தீவில் 2007 முதல் கடலடி வாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த ஆலை வாயுவை எரித்துத் தனக்கு மின்சாரம் எடுக்கிறது. அதற்குப் பதிலாகக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்க 2023 ஓகஸ்டில் அரசு ஒப்புதல் கொடுத்தது. நோர்வேயின் காபன் கணக்குக் குறையும். வாயு கப்பலில் ஏறி வேறு நாட்டில் எரியும். மேய்ச்சல் நிலத்தில் கம்பம் முளைக்கும். இதற்குப் பெயர் காலநிலை நடவடிக்கை. எங்கட ஊரில் சமாதானம் பேச வந்த அதே நல்ல பிள்ளை நாடுதான்.

ஃபோசென் காற்றாலை அனுமதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஒக்ரோபரில் தீர்ப்புச் சொல்லி 500 நாளாகியும் சுழலிகள் சுழன்றன. 2023 இல் சாமி இளைஞர்கள் அமைச்சை மறித்து உட்கார்ந்தபோது எங்களில் சிலரும் போய் நின்றோம், குளிரில் தேநீர் கொடுத்தோம். அதே ஆக்கள் இப்போது அவர்களின் மலையை "ஆளில்லாத" என்று எழுதினால் அந்தத் தேநீருக்கு என்ன மரியாதை?

ஒரு தோழர் தொலைபேசியில் சொன்னார்: "விடு, இது விளம்பர வசனம். ஆக்கள் வரவேணும் எல்லே." அவருக்காகத்தான் அடுத்ததை எழுதுகிறேன்.

அம்மா வசாவிளான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடினவர்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் தேதி இரவு, லட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அம்மாவின் கையில் ஒரு லுமாலா சைக்கிள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸும் லொறியும் பள்ளிக்கூட வானும் சைக்கிள்தான். அன்றைக்கு அவ அதில் ஏறவில்லை. பின்னால் அம்மம்மா, ஹான்டிலில் அரிசி மூட்டை. ஏற இடமும் இல்லை, சனநெரிசலில் மிதிக்கவும் வழியில்லை.

அவர்கள் விட்டுவந்த பலாலி–வசாவிளான் றோட்டு முப்பது வருடத்துக்கு மேல் நோர்வேயின் எந்த றோட்டையும் விட அமைதியாக இருந்தது. வாகனமே இல்லை. இருபக்கமும் காடு பத்தி, குருவிகள் வந்து, ஒரு படப்பிடிப்பாளருக்குச் சொர்க்கம். 2025 ஏப்ரலில் அதைத் திறந்தபோது பகலில் மட்டும் போகலாம், இடையில் நிறுத்தக் கூடாது, இறங்கி நடக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை. மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தா. "வீட்டு வாசல் தெரிஞ்சதோ?" என்று அம்மா கேட்டா. "நிப்பாட்ட விடேல்ல."

அந்த றோட்டைப் பற்றி யாராவது ஒரு வெள்ளைக்காரர் "வாகனமில்லாத, தொடப்படாத" என்று பயணக் குறிப்பு எழுதினால் நாங்கள் எத்தனை கண்டன மடல் அனுப்புவோம்?

நோர்வேயில் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் வெளியில் நடமாடும் உரிமை தருகிறது. அதை நான் நேசிக்கிறேன், எந்த இராணுவமும் என்னை அங்கே மறிக்காது. ஆனால் போக உரிமை இருக்கிறது என்பதற்காக அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே நான் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இவற்றைத்தான் கேட்கிறேன். மே மாதத் திகதியை ஓகஸ்டுக்கு மாற்றுங்கள், குட்டி போடுகிற காலத்தில் சத்தமில்லாமல் வருகிற இருபது சைக்கிள் மான்களுக்குக் காரை விட மோசம். கூட்டமாக எதிரே வந்தால் இறங்கி நிற்கவேண்டும் என்று எழுத்தில் போடுங்கள். றெப்பர்ஃபியோர்டில் ஒரு இரவு தங்குவோம், அங்கே போராடுகிறவர்களிடம் முதலே எழுதிக் கேட்டு, அவர்கள் வரச் சொன்னால். சேர்கிற காசில் பாதி அவர்களின் வழக்குச் செலவுக்கு. அருங்காட்சியகத்துக்கு அரை நாள். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாக்குக்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வர ஏலாதவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதலாம். அப்பாவும் வாறாராம், சைக்கிளில் இல்லை, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு காரில் பின்னால. பழைய பக்ரறி வாசலில் ஒருக்கா நிப்பாட்டவேணும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.