மணிச்சத்து மண்ணுக்குள்ளே! நாம் ஏன் மூட்டைக் கடை வாசலிலே?



நடவு வந்தால் டி.ஏ.பி. மூட்டைக்கு ஓடுகிறோம். கேட்காத பாட்டில் ஒன்றையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்கிறான் கடைக்காரன். கடன் சொல்லி வாங்கிக் கொட்டுகிறோம். கொட்டிய மணிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் போகத்தில் பயிருக்குப் போவதில்லை. சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டி மண்ணிலேயே முடங்குகிறது. வருஷா வருஷம் நாம் காசு கொடுத்துப் போட்டது நம்ம நிலத்துக்குள்ளேயே கிடக்கிறது!

அதை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. பெயர் வேர் உட்பூசணம். ‘வேம்’ உயிர் உரம் என்பது இதுதான். பூசணம் என்றதும் குலைநோய் ஞாபகம் வர வேண்டாம். இது பயிருக்குக் கூட்டாளி. வேருக்குள் குடியிருந்து, முடியைவிட மெல்லிய இழைகளை மண்ணில் விட்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். கூலி, பயிர் தருகிற கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நெல் எடுத்த மணிச்சத்தில் 70 சதம் வரை இந்தப் பூசணம் வழியாகவே வந்தது.

அது சோதனைச் செடியின் கணக்கு. நம்ம வயலில் அப்படி வராது. ஏன்? பூசணத்துக்கு மூச்சுக்காற்று வேண்டும். நட்டதிலிருந்து அறுப்பு வரை தண்ணீர் நின்றால் அது மண்ணில் பரவாது. நெல் வேர் இறக்கும் காற்றில் ஏதோ கொஞ்சம் பிழைத்துக் கிடக்கும். அதன் மேல் டி.ஏ.பி.யையும் கொட்டினால் பயிரே அதைச் சேர்க்காது. தட்டில் சோறு இருக்கும்போது சமையல்காரன் எதற்கு?

தண்ணீர் கட்டினால் இரும்பில் ஒட்டிய மணிச்சத்து கொஞ்சம் தானே கரையும் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் மூட்டை குறைய வேண்டுமே, ஏன் கூடுகிறது?

“காய்ச்சலும் பாய்ச்சலுமாக் கட்டுங்க” என்கிறார்கள் அதிகாரிகள். நல்ல யோசனை. தண்ணீரும் மிச்சம், பூசணத்துக்கும் மூச்சு. ஆனால் பெரியாறு கால்வாயில் அடுத்த முறை என்றைக்கு என்று தெரியாதவன் வயலைக் காயப் போடுவானா? வந்த அன்றைக்கே நிரப்பி வைக்கத்தான் செய்வான். அது பேராசை இல்லை, பயம்! கள்ளந்திரி வரை இருபோகக்காரருக்கே இந்தப் பயம். மேலூர்ப் பக்கத்து ஒருபோகக் கடைமடையைச் சொல்லவே வேண்டாம்.

1992-ல் மணிச்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. 2021-ல் டி.ஏ.பி. மூட்டை 2,400 ரூபாய்க்கு ஏறி, 1,200 ரூபாய் மானியம் போட்டுத்தான் பாதி விலைக்குக் கிடைத்தது. அதற்கான பாறை மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே நரசிங்கத்தில் அடுப்பு அணைய வேண்டுமா?

நம்ம யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம், விதைக்கும்போது 2–3 செ.மீ. ஆழத்தில் இடலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. புழுதி நாற்றங்காலில் வேரில் ஏற்றி நட்டால், தண்ணீர் கட்டிய வயலிலும் ஓரளவு தங்கும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. வழி வாசலிலேயே இருக்கிறது. ஊருக்குள்தான் வரவில்லை!

நாளைக்கே மூட்டையை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. மண் பரிசோதனை பார்த்து, முதலில் ஒரே ஒரு வயலில் குறைத்துப் பாருங்கள்.

நாம் கேட்பது:

1. முறைத் தண்ணீர்த் தேதியை முன்கூட்டி ஊர் ஊராக அறிவி! சொன்ன தேதியில் திற!

2. கூட்டுறவுச் சங்கத்தில், காலாவதி ஆகாத வேம் உயிர் உரத்தை நாற்றுப் பருவத்துக்கு முன்பே வை!

3. மூட்டையோடு வேண்டாததைத் தலையில் கட்டுவதைத் தடுத்து நிறுத்து!

4. ஊருக்கு ஒரு செயல்விளக்க வயல் போடு! நட்டம் வந்தால் ஈடு கொடு!

மக்காச்சோள வேரில் வளர்த்தெடுக்கும் சரக்கு இது. பயிற்சி கொடுத்தால் நம்ம பெண்களே தயாரிப்பார்கள்.

மண்ணுக்கு மூச்சு கொடு! உழவனுக்குத் தண்ணீர்த் தேதி கொடு!

ஒன்று சேருவோம்! உரிமை கேட்போம்!

— ஒத்தக்கடை சுற்றுவட்டார விவசாயிகள்