கரையில் நின்று கண்டதும் கருதியதும்

தொலைக்காட்சியில் பென்குவின்களைக் கண்டு வியக்காதவர் நம்மில் உண்டோ? தென்துருவப் பனியில் ஆண் பறவை தன் கால்களின்மேல் முட்டையை ஏந்தி அடைகாக்கும் செய்தியைத் தேர்விலும் எழுதிவிடுவோம். ஆனால் நம் பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், தலைக்குமேல் பறக்கும் ஆலாவை அடையாளம் காட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்?

சென்ற பொங்கல் விடுமுறையில் நண்பர் இருவருடன் திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடு சென்றேன். தேவாலயம் நிற்கும் மணற்குன்றின் மேலிருந்து பார்த்தபோது, கடலில் கரிய முதுகுகள் வளைந்தெழுந்து மறைந்தன. நாம் டால்பின் என்கிறோம். கடற்கரை மக்கள் ஓங்கல் என்கிறார்கள். மகிழ்ச்சியில் கூவிய எங்களைப் பார்த்து, அங்கு வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கரையைச் சுட்டிக் காட்டினார்.

"இந்தக் கரையிலதான் தம்பி அதுக ஒதுங்குச்சு. கயிறு கட்டி, வள்ளத்துல இழுத்துக்கொண்டுபோய் விட்டோம். திரும்பத் திரும்பக் கரைக்கே வந்துட்டு."

அவர் சொன்னது 2016 ஜனவரியில் நடந்தது. மணப்பாடு முதல் ஆலந்தலை வரை எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கின; பாதிக்கு மேல் இறந்தன. பெயர் திமிங்கலமாயினும் அவை ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. இரு முறையும் காரணம் ஐயமற விளங்கவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் பார்மலின் புட்டிகளுக்குக் குறைவில்லை. உயிருள்ள கடலைப் பற்றிய குறிப்பேடு ஒன்றுகூட இல்லை. மாதம் ஒருநாள் பத்து மாணவர் கரைக்குச் சென்று, கண்ட பறவை எது, எத்தனை, காற்று எத்திசை, ஓங்கல் தென்பட்டதா என்று எழுதிவந்தால் என்ன? மீனவர் சொல்வதையும் உடன் எழுதவேண்டும்.

"எழுதினால் திமிங்கலம் பிழைக்குமா?" என்று நண்பரொருவர் கேட்டார். பிழைக்காமலும் போகலாம். ஆனால் மூன்றாம் முறை அவை வந்தால், முந்திய நாட்களில் கடல் எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு நம் ஏடாவது விடை சொல்லும். அன்று கழுத்தளவு நீரில் நின்று அவற்றைத் தள்ளியவர்கள் படித்த பட்டம் ஏதுமில்லை. பட்டம் பெறப் போகும் நாம் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாதா?

— மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்