கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் வருமா?

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை 900ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மேலோட்டமாக மதிப்பிட இது உதவும். கண்டம் விட்டுக் கண்டம் போகும்போது கைவிட்டுவிடும். டெல்லி–சான் பிரான்சிஸ்கோ வழித்தடமே இதற்குச் சாட்சி. இந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இரு ஊர்களுக்கு இடையே தூரம் ஒன்றுதான்."

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தூரத்தை இணையத்தில் தேடினால் கிடைக்கும் சுமார் 12,400 கி.மீ. என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறைந்த தூரம். விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா தொடங்கிய நேரடிச் சேவை, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்தது.

"தூரம் குறைந்தால் நேரமும் குறையும்."

2016 அக்டோபரில் அதே சேவை பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆனது. ஆனால் பயண நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்துக்கு வந்தது. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம்தான் காரணம். அட்லாண்டிக் வழியில் அது எதிர்க்காற்று. பசிபிக் வழியில் பின்காற்று.

"விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ."

அது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். தரையைக் கடக்கும் வேகம் காற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். 2020 பிப்ரவரியில், புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியும், காற்றுக்குள் அந்த விமானம் ஒலியின் வேகத்தை மீறவில்லை.

"போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவது பூமி சுழல்வதால்தான்."

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அது விமானத்துக்கு அடியில் நழுவிப் போவது உண்மையானால், மேற்கே போகிறவர்தான் சீக்கிரம் சேர வேண்டும். நடப்பதோ நேர்மாறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் விமானம் ஒருபோதும் தனியே விடுபடுவதில்லை.

"வானத்தில் வழி அடைபடாது."

2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து சுமார் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் வடதுருவம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இரு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

போதாக்குறைக்கு, அட்டவணை காட்டும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கிய பின் வாயிலுக்கு வருவதும் அடக்கம்.

ஆகவே, இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர் கிலோமீட்டரை நம்பித் திட்டம் போட வேண்டாம். பயணம் செய்யும் பருவத்துக்கான அட்டவணையைப் பாருங்கள். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.