வாங்குமுன் அளந்து பாருங்கள்

கணினி மந்தமானால் புதியதை வாங்கிவிடுவோம் என்பதே நம் அலுவலகங்களின் முதல் யோசனை. எங்கே சுணங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை. இந்தப் பழக்கம் தவறு என்பதற்குக் கண்டியோடு தொடர்புள்ள ஒரு சான்றே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் கற்ற ஹசிந்து கமாரச்சி, அவுஸ்திரேலியாவில் சக ஆய்வாளர்களுடன் மரபணுத் தரவைப் பகுப்பாயும் மென்பொருளின் வேகத்தை அளந்தார். செயலியில் எத்தனை கருக்கள் இருந்தும் பயனில்லை. அந்தத் தரவு சேமிக்கப்பட்டிருந்த ஃபாஸ்ட்5 வடிவக் கோப்புகளைப் படிக்கும் நிரல் நூலகம் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையையே உள்ளே விட்டது. பத்துப் பேரை வேலைக்கு அழைத்து ஒரே மண்வெட்டியைக் கொடுத்த கதைதான். அவர்கள் ஸ்லோ5 என்ற புதிய கோப்பு வடிவத்தை உருவாக்கினார்கள். 2022இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, இரண்டு வாரங்களுக்கு மேல் இழுத்த ஒரு பகுப்பாய்வு ஏறத்தாழ 10.5 மணி நேரத்தில் முடிந்தது.

பொறியியலாளரின் நேரத்தைவிட இயந்திரம் மலிவு என்பார்கள். செல்வந்த நாடுகளில் அது பல வேளை சரி. டொலர் கொடுத்து இறக்குமதி செய்யும் நமக்கு அந்தக் கணக்கு மாறும்; மேலும் அந்த மரபணு மென்பொருளுக்குக் கருக்களைக் கூட்டியிருந்தாலும் அந்த ஒற்றை வாசல் அகன்றிருக்காது. வேகச் சோதனையில் கிடைக்கும் எண்கள் சில வேளை ஏமாற்றும் என்பதும் உண்மையே. அதற்கு மருந்து அளக்காமல் விடுவதல்ல, ஒழுங்காக அளப்பது: அன்றாடம் செய்யும் வேலையையே கொடுத்து, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பல தடவை ஓட்டிப் பார்ப்பது. கொள்வனவுக் கோரிக்கை ஒவ்வொன்றோடும் அத்தகைய அளவீட்டு அறிக்கையைக் கட்டாயமாக்குவதே நியாயம்.