பெருக்கியைத் தானே இயங்கச் செய்தல்

வீட்டில் இசை கேட்போருட் சிலர் தொலைக்காட்சி, இசைத்தட்டுக் கருவி, முன்பெருக்கி, ஆற்றற் பெருக்கி என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி இணைத்துக்கொள்கின்றனர். (ஒலிபெருக்கி என்னும் சொல்லை நம் மக்கள் ஸ்பீக்கருக்கே உரியதாக்கிவிட்டமையால், ஆம்ப்ளிஃபையரை இங்குப் பெருக்கி என்றே குறிக்கிறேன்.) கருவிகள் நான்கானால் விசைகளும் நான்காகின்றன. முன்னுள்ளவற்றை இருந்த இடத்திலிருந்தே அணைத்துவிடலாம். அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் ஆற்றற் பெருக்கியின் விசையோ பெரும்பாலும் அதன் பின்புறத்தில் இருக்கும். மறக்கப்படுவது அதுவே.

ஒரு கோடையில் பதினைந்து நாள் வெளியூரில் தங்கி, தில்லியிலுள்ள என் வீட்டிற்குத் திரும்பியபோது, பூட்டிய அறையில் பெருக்கி அத்தனை நாளும் வீணே இயங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மேல்தகட்டில் கை வைக்க இயலவில்லை. ஒலி ஏதுமின்றியே அது 40 வாட் உண்ணும். பதினைந்து நாளைக்கு 14.4 யூனிட்டு. அக்கட்டணம் பெரிதன்று. ஆளில்லாத வீட்டில், கோடை வெப்பத்தில், காற்றோட்டமற்ற அலமாரிக்குள் ஒரு கருவி சூடேறிக் கிடந்தது என்பதே என்னை உறுத்தியது.

ஆகவே ஒரு கருவியை இயக்கினால் பெருக்கியும் உடன் இயங்குமாறும், அதனை அணைத்தால் இதுவும் அணையுமாறும் செய்யும் வழிகளை ஆராயலானேன். அவற்றுள் மிகப் பரவலானது, பெருக்கியே தன் வாயிலில் ஒலிக்குறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் முறை. குறி வந்தால் இயங்கும்; குறிப்பிட்ட நேரம் வராதிருந்தால் அணையும். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் கருவிகளின் காத்திருப்பு நிலைச் செலவை 2010 முதல் 1 வாட்டுக்கும், 2013 முதல் பொதுவாக 0.5 வாட்டுக்கும் மிகாதிருக்க வேண்டுமென விதித்ததும் இத்தகைய தானணைப்பு பரவத் துணை செய்தது. நோக்கம் நன்றே, ஆனால் இசையறிந்தோர் இம்முறையை விரும்பார். செய்தியின் முதற்சொற்களைப் பெருக்கி விழுங்கிவிடும். இரவில் ஒலியைத் தாழ்த்தி வீணை ஆலாபனை கேட்டிருப்போர்க்கு, குறி வரம்பிற்குக் கீழ் இருப்பதால், இசை நடுவிலேயே நின்றுவிடும். மாறாக, கம்பியில் புகும் மின்னிரைச்சலையே ஒலியென்று மயங்கி, இரவு முழுதும் அணையாமலும் இருக்கும்.

மற்றொன்று, தலைமைக் கருவி உண்ணும் மின்னோட்டத்தை அளந்து ஏனைய துளைகளுக்கு மின்சாரம் விடும் பலகை. பழைய தொலைக்காட்சிக்கு இது பொருந்திற்று. இன்றைய சிறு பெட்டிகள் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் உண்ணும் அளவுகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதாகையால் பலகை தடுமாறுகிறது. தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளையில் வரும் 5 வோல்ட்டைக் கொண்டு ரிலேயை இயக்குவாரும் உளர். ஆனால் சில தொலைக்காட்சிகள் அணைந்த பின்னும் அத்துளையில் மின்னழுத்தத்தை நிறுத்துவதில்லை.

என் கருத்தில் மேலானது 12 வோல்ட் ஏவற்கம்பியே. முன்பெருக்கி இயங்கும்போது மட்டும் ஒரு மெல்லிய கம்பியில் 12 வோல்ட் நேர்மின்னழுத்தம் வருகிறது. பெருக்கியினுள் உள்ள ரிலே அதனால் மூடி 230 வோல்ட்டை உள்ளே விடுகிறது. (வானொலியார் ரிலேயை அஞ்சல் என்பர், அச்சொல்லை இங்கு இட்டால் வாசகர் தபாலையே நினைப்பர்.) இதில் ஊகத்திற்கு இடமில்லை: ஏவல் இருந்தால் இயக்கம், இன்றேல் ஓய்வு. முறையும் பிழையாது. இயக்குகையில் பெருக்கி கடைசியாகவும், அணைக்கையில் முதலாவதாகவும் செல்ல வேண்டும். மாறினால் முன்பெருக்கியின் அதிர்வு பெருகி, ஸ்பீக்கரில் ‘தொப்’பென்ற ஓசையாக இறங்கும். சில நொடித் தாமதத்தை வைத்துள்ள நல்ல கருவிகள் இதனைக் காக்கின்றன. பெரிய வளைய மின்மாற்றி முதற்கணத்தில் இழுக்கும் மிகு மின்னோட்டத்தை, தடை ஒன்றினைச் சிறிது நேரம் இடையிட்டுத் தணிக்கும் பெருக்கிகளும் உண்டு. பழைய முன்பெருக்கிகளின் பின்புறத் துளையில் ஆற்றற் பெருக்கியைச் செருகுவோர், அத்துளையருகே அச்சிட்டுள்ள வாட் அளவை முதலில் படிப்பாராக.

நம் நாட்டுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். மின்சாரம் நின்று மீள்கையில் முன்பெருக்கி உறங்கும் நிலையில் நிற்கிறதா, முன்னிருந்த நிலைக்கே திரும்புகிறதா? திரும்புமாயின், நள்ளிரவில் ஆளின்றியே பெருக்கியையும் எழுப்பிவிடும். ஒலியை முற்றிலும் தாழ்த்தி, சுவர்விசையை ஒருமுறை அணைத்து ஏற்றினால் உண்மை விளங்கும். விற்பனையாளரிடம் கேட்டறிவதினும் இது உறுதி.

ஊர்தோறும் செல்லும் களப்பணியாளரிடம் இத்தகைய ரிலேப் பெட்டியைத் தாமே செய்துகொள்ளலாமா என்று கேட்போர் உண்டு. 230 வோல்ட்டை ஏற்கும் பகுதியில் தொடுமுனையின் ஆம்பியர் அளவு, காப்பு, மண்ணிணைப்பு மூன்றும் சரியாயிருத்தல் வேண்டும். பயிற்சியற்றவர் அதில் கை வைக்கலாகாது என்றே கூறுக. ஆசிரியர்க்கோ இது அரிய பாடம். ஜோசப் ஹென்றி 1830-களில் மின்காந்தத்தால் ஒரு சுற்றைக் கொண்டு மற்றொரு சுற்றை இயக்கிக் காட்டிய அதே கருத்தை, 12 வோல்ட் மின்கலம், ஒரு ரிலே, ஒரு சிறுவிளக்கு ஆகியவற்றைக் கொண்டு வகுப்பில் நிகழ்த்தலாம். இரு பக்கமும் மின்கலத்தால் ஓடுமாகையால், சுவரிலுள்ள மின்சாரம் மேசைக்கு வரத் தேவையில்லை.

என் வீட்டில் இப்போது ஏவற்கம்பி உள்ளது. ஊருக்குப் புறப்படும் நாளில் சுவர்விசையையும் அணைத்து, பெருக்கியின் தகட்டைத் தொட்டுப் பார்த்த பின்னரே கதவைப் பூட்டுகிறேன்.